உள்வாடகை

திருவள்ளூரில் நீதிமன்றத்துக்குப் போகும் வழியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். வாடகை ஒப்பந்தம் தட்டச்சு செய்து கொடுப்பதுதான் எங்கள் அன்றாடப் பிழைப்பு. கணினியில் ஒரு மாதிரி ஒப்பந்தம் எப்போதும் தயாராக இருக்கும். பெயர், முகவரி, வாடகை மூன்றையும் மாற்றினால் போதும். மற்ற வரிகளை யாரும் படிப்பதில்லை. ‘மேற்படி வீட்டை வாடகைதாரர் வேறு எவருக்கும் உள்வாடகைக்கு விடக் கூடாது’ என்று அதில் ஒரு வரி இருக்கிறது. எப்போதாவது ஒருவர் விரல் வைத்து, உள்வாடகை என்றால் என்ன என்று கேட்பார். நீங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டில் ஒரு பகுதியை நீங்களே இன்னொருவருக்கு வாடகைக்கு விடுவது என்பேன். நாங்கள் ஏன் அப்படிச் செய்யப்போகிறோம் என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

அதற்குமேல் நான் எதுவும் சொல்வதில்லை. சொல்லத் தொடங்கினால் கும்மிடிப்பூண்டி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

கல்யாணமாகி நான் கும்மிடிப்பூண்டிக்குப் போனபோது அக்கா எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார். எங்களுக்கும் அவருக்கும் நடுவே ஒரே சுவர். என் கணவருக்குத் தொழிற்பேட்டையில் குழாய் செய்யும் கம்பெனியில் வேலை. எங்கள் வீடு சிறியது. அக்காவின் வீடு பெரியது. முன்னறை, சமையலறை, கூடம், அதற்குப் பின்னால் சாக்கடைச் சந்துப் பக்கம் பார்த்த ஆஸ்பெஸ்டாஸ் அறை ஒன்று. அவ்வளவு பெரிய வீடு அக்காவுக்கும் பள்ளியில் படித்த அவர் மகள் ஸ்டெல்லாவுக்கும் எதற்கு? அவர்கள் இருவரும் முன்னறையோடு நின்றுகொண்டார்கள். கூடத்திலும் பின்னறையிலும் ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த ஆண்கள் தங்கியிருந்தார்கள். வீட்டு உரிமையாளர் வடநாட்டு ஆட்களுக்கு நேரடியாக வீடு கொடுக்க மாட்டார். அக்காவுக்குக் கொடுப்பார். அக்கா அவர்களுக்குக் கொடுப்பார், சமைத்தும் போடுவார்.

எங்கள் தெருவில் இது ஒன்றும் ரகசியமில்லை. பல வீடுகள் அப்படித்தான் இருந்தன. ‘உள்வாடகை’ என்பது அங்கே எல்லார் வாயிலும் புழங்கிய சொல். காய்கறி வண்டிக்காரர் அக்காவை ‘உள்வாடகைக்காரம்மா’ என்றுதான் கூப்பிடுவார். மின்சார ரயிலில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் இருக்கையில் நான்காவது ஆள் ஒண்டினால், “இன்னாபா, உள்வாடகையா?” என்று கேட்டுக்கொண்டே நகர்ந்து இடம் விடுவார்கள். அந்தச் சொல்லில் அப்போது ஒரு தவறும் இருப்பதாக எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அக்கா உயரம், ஒல்லி. புடவைக்கு மேல் ஒரு ஆண் சட்டையைப் போட்டுக்கொண்டு எந்நேரமும் ஏதாவது வேலை செய்துகொண்டிருப்பார். ஆரம்பாக்கத்துக் குடும்பம். பெற்றவர்கள் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவர் ஒரு கம்பெனி கேன்டீனில் வெகுகாலம் பாத்திரம் தேய்த்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார், ஜெபம் முடிவதற்குள் சோறு வடிக்க ஓடி வந்துவிடுவார்.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. வீட்டில் இருக்கிற ஆளை ‘இல்லை’ என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

இந்தக் குணத்தால் நான் முதலில் பட்டது என் கணவரின் விடுமுறை நாளில்தான். இரட்டை ஷிப்டுக்கு ஆள் தேடி அவருடைய சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்துவிட்டார். இவர் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். அவர் பொன்னேரி வரைக்கும் போயிருக்கிறார் என்று நான் கூசாமல் சொன்னேன். வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்து, “உள்ளதான் கீறாரு சார், தண்ணி ஊத்துற சத்தம் கேக்குது” என்றார். நல்லது செய்கிற முகத்தோடுதான் சொன்னார். என் கணவர் தலையைத் துவட்டிக்கொண்டே வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அக்கா வீட்டுக் குழம்பை அவர் தொடவில்லை.

சீட்டுக்காரர் வந்தாலும், சண்டை போட வந்தவர் வந்தாலும், பெண் கேட்டு வந்தவர் வந்தாலும் அக்காவிடம் ஒரே பதில்தான். தெருவில் பலருக்கு அவர்மேல் கோபம் உண்டு. அக்கா அருகில் இருக்கும்போது ஒளிவதில் பயனில்லை என்று பேசிக்கொள்வார்கள். நான் ஒருநாள் அலுத்துப்போய்க் கேட்டேன், ஒரு வாய் வார்த்தைக்கு என்ன கேடு வந்துவிடும் என்று. அக்கா மிளகாயைக் கையால் துழாவிக்கொண்டே தன் கதையைச் சொன்னார். ஸ்டெல்லா கைக்குழந்தையாக இருந்தபோது அவர் கணவர் சொல்லாமல் கொள்ளாமல் சூளூர்ப்பேட்டைப் பக்கம் இருந்த தாய் வீட்டுக்குப் போய்விட்டாராம். அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே போயிருக்கிறார். மாமியார் நிலைப்படியில் நின்றுகொண்டு, அவன் இங்கே வரவே இல்லை என்றாராம்.

“செருப்பு வாசல்ல கீது. நான் அதையே பாத்துக்கினு நிக்கிறேன். அந்தம்மா இல்ல இல்லன்னு சொல்லிக்கினே கீது,” என்றார் அக்கா. “கீற ஆள இல்லன்னு சொல்லிட்டா, அப்பறம் அந்த ஆளு எங்கம்மா போவும்?”

அதற்குப் பிறகு நான் அவரிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

வீட்டு உரிமையாளரிடமும் அவர் அப்படித்தான். உரிமையாளர் வயதானவர். பஜாரில் ஆணி, பெயின்ட் விற்கும் கடை வைத்திருந்தார். அக்கா அவரை ‘நைனா’ என்பார். மாதம் பிறந்ததும் வந்து வாசலில் நின்றபடியே வாடகை வாங்கிக்கொண்டு போவார், உள்ளே எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். ஆள் கூடக் கூட வாடகையை மட்டும் கூட்டுவார். புதிதாக இருவர் வந்திருக்கிறார்கள் என்று அக்கா சொன்னால், எனக்கு எதற்கம்மா அந்தக் கணக்கு, எனக்கு நீ மட்டும்தான் என்பார். ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வந்தபோது ஸ்டெல்லா அதை உரக்கப் படித்தாள். உள்வாடகைக்கு விடக் கூடாது என்ற வரி வந்ததும் அக்கா நிறுத்தச் சொன்னார். அவர்கள் உள்ளே படுத்திருக்கும்போது இப்படி எழுதலாமா என்று கேட்டார். எல்லா ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருக்கும், அது சும்மா ஒரு எழுத்து என்றார் உரிமையாளர். அக்கா மனசில்லாமல்தான் கையெழுத்துப் போட்டார்.

உள்ளே இருந்தவர்களில் ரஞ்சன் என்று ஒருவன். முப்பது வயதிருக்கும். இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் ஒரு கான்ட்ராக்டரின் கீழ் வேலை. அக்காவை ‘மௌசி’ என்பான். சித்தி என்று அர்த்தமாம். அக்கா அவனைத் ‘தம்பி’ என்பார். தண்ணீர் லாரி வந்தால் முதலில் அக்காவின் டிரம்மை நிரப்பிவிட்டுத்தான் மற்ற வேலை. காலையில் பழைய சோற்றில் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு அவன் சாப்பிடுவதைப் பார்ப்பதில் அக்காவுக்கு அலாதி மகிழ்ச்சி. நம்ம சோறுதான், அவங்க ஊர்ல வேற பேரு வெச்சிருக்காங்க என்று எல்லாரிடமும் சொல்வார். சம்பளத்தன்று அவன் குடித்துவிட்டு வந்து வாசற்படியிலேயே தூங்கிவிடுவதும் உண்டு. அன்றைக்கு அக்கா திட்டும் திட்டு எங்கள் சுவரைத் தாண்டி வரும். அவனுக்கு ஒரு வார்த்தையும் புரியாது. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போன ரஞ்சன் திரும்பி வரவில்லை. கூட இருந்தவர்கள் வந்தார்கள். அக்கா ஒவ்வொருவராகக் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. சாப்பாட்டையும் தொடவில்லை.

மறுநாள் அக்கா ஆலை வாசலுக்குப் போனார். என் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். அப்படி ஒரு பெயர் இங்கே இல்லை என்று காவலாளி சொன்னார். ஏதோ வேனில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று வாசலில் டீ விற்றவர் தாழ்ந்த குரலில் சொன்னார். யார், எங்கே என்று கேட்டதற்கு அவர் கையை விரித்தார்.

நாங்கள் வீடு திரும்பினபோது கான்ட்ராக்டரின் ஆள் ஒருவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். ரஞ்சன் ஊருக்குப் போய்விட்டான், அவன் பையைக் கொடுங்கள் என்றார்.

“ஊருக்குப் போறவரு சட்ட, சாமி படம், போன் சார்ஜரு எல்லாத்தையும் உட்டுட்டா போவாரு?” என்று கேட்டார் அக்கா. “அவரு வந்து கேக்கட்டும், குடுக்குறேன்.”

அந்த ஆள் எழுந்து போனார். சாயங்காலம் ஒரு வேன் வந்தது. உள்ளே இருந்த அத்தனை பேரும் மூட்டையோடு அதில் ஏறினார்கள். யாரும் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியாக ஏறினவன் மட்டும் குனிந்து அவர் காலைத் தொட்டுவிட்டுப் போனான். கூடமும் பின்னறையும் காலியாகிவிட்டன. அக்கா ரஞ்சனின் பையைத் தன் முன்னறையில், ஸ்டெல்லாவின் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

பிறகு ரஞ்சனின் அண்ணன் வந்தார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ரஞ்சன் அனுப்பிய ஒரு போட்டோ அவர் போனில் இருந்தது. அதில் அவனுக்குப் பின்னால் அக்காவின் நீலக் கேட் தெரிந்தது. ரயிலடியிலிருந்து அந்தப் படத்தைக் காட்டிக் காட்டி விசாரித்துக்கொண்டே எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தார். பள்ளி நாளில் டியூஷன் வைத்துப் படித்த கொஞ்சம் இந்தி எனக்குத் தெரியும். அவருக்கும் கொஞ்சம்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டு பேசினோம். போலீசில் புகார் கொடுப்பது என்று முடிவாயிற்று.

அது எப்படியோ உரிமையாளர் காதுக்குப் போய்விட்டது. அவர் வந்தார். முதல்முறையாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். வெளி மாநிலத்து ஆட்களைச் சொல்லாமல் குடிவைத்ததாகத் தன்மேல் வழக்குப் போடுவார்கள், இந்த வயதில் ஸ்டேஷன் வாசலில் நிற்க முடியாது என்றார். யாரும் இங்கே இருக்கவில்லை என்று சொல்லிவிடு, ஸ்டெல்லா படிப்பு முடியும்வரை வீட்டைப் பற்றிக் கவலையில்லை என்றார். மிரட்டவில்லை, கெஞ்சித்தான் கேட்டார். அக்கா அவருக்கு மோர் கொடுத்தார். அழுதார்.

“வேற இன்னா கேட்டாலும் செய்றேன் நைனா. இது மட்டும் வராது,” என்றார்.

ஸ்டேஷனில் எங்களை வெகுநேரம் உட்கார வைத்தார்கள். கான்ட்ராக்டர் எங்களுக்கு முன்பே வந்து போயிருந்தார். அப்படி ஒரு ஆளையே தனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரி என்று நானும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பேச்சு எதற்கும் ஆகாது, வீட்டில் இருந்தவர்தான் சொல்ல வேண்டும் என்றார் அதிகாரி. அவர் மேசைமேல் அக்காவின் வாடகை ஒப்பந்தம் இருந்தது. உரிமையாளர் கொடுத்தனுப்பியிருந்தார்.

“உள்வாடகைக்கு விடக் கூடாதுன்னு இதுல இருக்கு. நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்புறம் அவன் எப்படி அங்க இருந்திருப்பான்?” என்று அவர் கேட்டார்.

அக்காவுக்குக் கேள்வி புரியவில்லையோ என்று நினைத்தேன். அவர் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுதுனதும் நெசந்தான் சார். தம்பி இருந்ததும் நெசந்தான்.”

அப்படிச் சொன்னால் ஒப்பந்தத்தை மீறியதாக ஆகும், வீடு போய்விடும், தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார் அக்கா. அதிகாரி கெட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை. சலித்துப்போனவர். கடைசியில் பேனாவை எடுத்தார். ஒரு மனிதன் இங்கே இருந்தான் என்று யாராவது சொன்னால்தான் அவன் காணாமல் போனான் என்று எழுத முடியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் எங்கள் கையை விட்டுப் போயிற்று. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரிப் பிணவறையில் பெயர் தெரியாத ஒருவர் இருப்பதாகத் தகவல் வந்தது. மண்டையில் அடிபட்டவரை யாரோ வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அண்ணன் போய்ப் பார்த்தார். கையில் பச்சை குத்தியிருந்த எழுத்தை வைத்து உறுதி செய்தார். ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை, இங்கேயே எரித்தார்கள். ஆலை, தன் ஆள் இல்லை என்றது. கான்ட்ராக்டர், தன் ஆள் இல்லை என்றார். வழக்கு என்ன ஆயிற்று என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. என் கணவர் விசாரிக்கப் போனபோது, உங்கள் கம்பெனியிலும் எங்களுக்கு ஆள் இருக்கிறது என்று கான்ட்ராக்டர் சொல்லி அனுப்பினார். இவர் அதற்குமேல் போகவில்லை. போ என்று நானும் சொல்லவில்லை, கைக்குழந்தைக்காரி.

உரிமையாளர், நாங்கள் ஸ்டேஷனுக்குப் போன வார முடிவுக்குள்ளேயே வீட்டைக் காலி செய்யச் சொன்னார். நானும் அக்காவும் தெருத்தெருவாக வீடு தேடினோம். எல்லா இடத்திலும் அக்காவை அடையாளம் தெரிந்திருந்தது. ஒரு வீட்டில் சாவியை எடுத்து வந்துவிட்டு, நீங்கள்தானே அந்த உள்வாடகைக்காரம்மா என்று கேட்டுத் திரும்ப உள்ளே போய்விட்டார்கள். அந்த ஊரில் பாதி வீடுகள் உள்வாடகையில்தான் ஓடின. ஆனாலும் அந்தப் பெயர் அவர் ஒருவருக்கே ஆகிவிட்டது. கடைசியில் ஆரம்பாக்கத்தில் தன் கூடப்பிறந்த தம்பி வீட்டுக்குப் போனார். ஸ்டெல்லா அங்கிருந்து ரயிலில் வந்து பன்னிரண்டாவதை முடித்தாள். கல்லூரிக்குப் போகவில்லை, செல்போன் உதிரிபாகம் செய்யும் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போகத் தொடங்கினாள். நாங்கள் திருவள்ளூருக்கு வந்தபிறகு கொஞ்ச காலம் போனில் பேசினோம். பிறகு அந்த எண் வேறு யாருக்கோ போய்விட்டது.

அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த ஸ்டேஷன் இல்லை. அதற்குப் பிறகு ஒரு மத்தியானம்.

ரஞ்சனின் அண்ணன் ஊருக்குப் போவதற்கு முன் தம்பி இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். முதலில் வந்தபோது அவர் எங்கள் வீட்டோடு திரும்பியிருந்தார், அக்கா வீட்டின் பின்பக்கத்துக்குப் போகவே இல்லை. சொல்லியனுப்பியதும் அக்கா ஆரம்பாக்கத்திலிருந்து ரஞ்சனின் பையோடு வந்தார். வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். உரிமையாளர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா, இவர் ஒருதரம் உள்ளே பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார். உரிமையாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலை நடக்கிறது, இப்போது முடியாது என்றார். அக்கா மறுபடி கேட்கவில்லை.

சாக்கடைச் சந்து வழியாக எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போனார். பின்னறை ஜன்னலில் கதவு இல்லை, கம்பி மட்டும்தான். மூவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தோம். அங்கே இன்னும் வெள்ளையடிக்கவில்லை. அக்கா பேசத் தொடங்கினார். அந்த மூலையில்தான் படுப்பான், தலை இந்தப் பக்கம், கால் அந்தப் பக்கம். அந்த ஆணியில்தான் சட்டையை மாட்டுவான். ஷிப்டு முடிந்து வந்தால் முதலில் அங்கே சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பான். எல்லாவற்றையும் தமிழில், அண்ணனுக்குப் புரியும் என்பதுபோல, விரலால் காட்டிக் காட்டிச் சொன்னார். அண்ணனும் விரல் போன இடத்தையெல்லாம் பார்த்தார். என்னால் பாதியைக்கூட இந்தியில் சொல்ல முடியவில்லை.

அவர் ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டார். கையைத் தலைக்குமேல் தூக்கிச் சுற்றிக் காட்டினார். ஃபேன் இருந்ததா என்று கேட்கிறார். போனதும் அம்மா அதைத்தான் கேட்பாள் என்கிறார்.

நான் அக்காவிடம் சொன்னேன். அக்கா மேலே ஆஸ்பெஸ்டாஸைப் பார்த்தார். இருந்தது என்று சொல்லிவிடுங்கள் அக்கா என்று நான் மெதுவாகச் சொன்னேன்.

“இல்லன்னு சொல்லும்மா,” என்றார் அக்கா. “கூடத்துல மட்டுந்தான் போட்டேன். இங்க போடல. நான் போட்டிருக்கணும்.”

நான் முதல் வார்த்தையை மட்டும் இந்தியில் சொன்னேன். அண்ணன் தலையாட்டினார். அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. தம்பியின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஊரில் எங்கள் வீட்டிலும் இல்லை என்றார்.